வட்டி இறங்கும் நேரத்தில் எந்த பாண்ட் ஃபண்ட்? ‘ரிஸ்க் கம்மி’ என்று நம்பும் முன் பார்க்க வேண்டியவை

2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50%-லிருந்து 6.25%-ஆகக் குறைத்தது. ஏப்ரலில் அது 6% ஆனது. ஜூனில் ஒரே அடியாக 5.50%. டிசம்பரில் 5.25%. பத்தே மாதத்தில் மொத்தம் 1.25% இறங்கிவிட்டது.

வீட்டுக்கடன் கட்டுறவங்களுக்கு இது இனிப்பான செய்தி. ஆனால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய் கண்டிகையிலும், திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிஃப்ட் பார்த்து, ஓவர்டைம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்க்கிற இளைஞர்களுக்கு? ஒரு வருட எஃப்.டி-க்கு 7% பக்கம் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய வங்கிகள்கூட 6.5%-க்குக் கீழே வந்துவிட்டன.

சரியாக இந்த நேரத்தில்தான் மொபைலில் ஒரு நோட்டிஃபிகேஷன் வரும். ‘வட்டி குறையும்போது பாண்ட் ஃபண்டில் லாபம்... ரிஸ்க் குறைவு!’

இதில் முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாவது பாதி, எந்த ஃபண்ட் என்பதைப் பொறுத்தது. பாண்ட் ஃபண்ட் என்பது ஒரே சரக்கு அல்ல. செபி 2017-ல் வகுத்த கணக்குப்படி அதில் 16 வகைகள் இருந்தன. ஒருநாள் கடன் கொடுக்கும் ஃபண்டும் அதில்தான் இருக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டு அரசுப் பத்திரங்களை வைத்திருக்கும் ஃபண்டும் அதில்தான் இருக்கிறது. ஆப்பில் இரண்டுக்கும் மேலே ‘டெட்’ என்ற ஒரே பெயர்ப்பலகை!

வட்டி குறைந்தால் பாண்ட் விலை ஏன் ஏறுது?

பாண்ட் என்றால் கடன் பத்திரம். அரசோ, நிறுவனமோ உங்களிடம் கடன் வாங்கிக்கொண்டு, ‘வருஷத்துக்கு இவ்வளவு வட்டி தர்றேன், இந்தத் தேதியில் அசலைத் தர்றேன்’ என்று எழுதிக்கொடுக்கும் சீட்டு.

உங்களிடம் 1,000 ரூபாய் முகமதிப்புள்ள 10 ஆண்டு பத்திரம் ஒன்று இருக்கிறது. வட்டி 7% என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 70 ரூபாய் வரும். இப்போது சந்தையில் புதிதாக வரும் பத்திரங்களுக்கு 6%தான். அதாவது, 60 ரூபாய். உங்கள் பழைய சீட்டுக்கு வருடம் 10 ரூபாய் கூடுதலாக, அதுவும் பத்து வருடத்துக்கு! சும்மா 1,000 ரூபாய்க்கு விட்டுக்கொடுப்பீர்களா? மாட்டீர்கள். கணக்குப் போட்டால் அதன் விலை சுமார் 1,074 ரூபாய் வரும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். புதிய பத்திரங்களின் வட்டி 8% ஆகிவிட்டால், உங்கள் 7% சீட்டை யாரும் 1,000 ரூபாய்க்கு வாங்க மாட்டார்கள். விலை 933 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது இதுதான். மீதிக் காலம் அதிகமாக இருந்தால் ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும். மூன்றே மாதத்தில் முடியும் பத்திரத்துக்கு வட்டி 1% மாறினாலும் விலையில் கால் சதவிகிதம்தான் அசையும். ஆக, ‘வட்டி குறைந்தால் லாபம்’ என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் நீண்டகாலப் பத்திரங்கள் உள்ள ஃபண்ட்தான். அதே ஃபண்ட்தான் வட்டி திரும்பி ஏறினால் அதிகமாக அடி வாங்கும்.

ரெப்போ குறைந்தது... நீண்டகால வட்டி குறைந்ததா?

இங்கேதான் 2025 ஒரு நல்ல பாடம் நடத்திவிட்டுப் போனது.

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் மிகக் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி. 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வட்டியை ரிசர்வ் வங்கி அறிவிப்பதில்லை. அதைச் சந்தை முடிவு செய்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் விலைவாசி என்ன ஆகும், அரசு எவ்வளவு கடன் வாங்கும், ரிசர்வ் வங்கி இன்னும் குறைக்குமா என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து அது நகரும்.

2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி 0.50% குறைத்தது உண்மை. ஆனால், அதே நாளில் தன் நிலைப்பாட்டை ‘இணக்கமானது’ என்பதிலிருந்து ‘நடுநிலை’ என்று மாற்றியது. ‘இதுக்கு மேல குறைக்க அதிக இடமில்லை’ என்று சந்தை அதைப் புரிந்துகொண்டது. ஜூன் தொடக்கத்தில் 6.3% பக்கம் இருந்த 10 ஆண்டு அரசுப் பத்திர வட்டி, அதன்பிறகு ஏறத் தொடங்கியது. டிசம்பரில் ரெப்போ இன்னும் 0.25% குறைந்த பிறகும், ஆண்டு முடியும்போது அது 6.5%-க்கு மேல்தான் இருந்தது.

ரெப்போ இறங்குது, நீண்டகால வட்டி ஏறுது! ‘வட்டி குறையுதுன்னு டி.வி-யில சொன்னாங்க’ என்று ஜூனில் நீண்டகால ஃபண்டில் போட்டவர்கள், குழம்பிப்போனது இதனால்தான். செய்தி நம் காதுக்கு வருவதற்குள் விலையில் அது ஏறியிருக்கும்.

ஆப்பில் ‘கடந்த ஓராண்டு வருமானம்’ என்று காட்டும் எண்ணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். போன வருஷம் பூண்டி ஏரி நிரம்பியதை வைத்து இந்த வருஷத் தண்ணீருக்குக் கணக்குப் போட முடியாதில்லையா? வட்டி இறங்கியபோது கிடைத்த விலை ஏற்றம் ஒருமுறை வந்தது. அது மறுபடி வர, வட்டி மறுபடி இறங்க வேண்டும்.

சென்னையை உலுக்கிய ஆறு ஃபண்டுகள்

வட்டி ஏறி இறங்குவது ஒரு ரிஸ்க். இன்னொன்று, கடன் வாங்கியவர் திருப்பித் தருவாரா என்பது. ‘ரிஸ்க் கம்மி’ என்ற பேச்சில் பெரும்பாலும் காணாமல்போவது இந்த இரண்டாவதுதான்.

2020 மார்ச் 27. கொரோனா ஊரடங்கு தொடங்கிய வாரம். ரிசர்வ் வங்கி ரெப்போவை 5.15%-லிருந்து 4.40%-ஆகக் குறைத்தது. பாடப்புத்தகக் கணக்குப்படி பாண்ட் ஃபண்டுகளுக்குக் கொண்டாட்டம் வந்திருக்க வேண்டும். ஆனால், ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தனது ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்கள். பணத்தை எடுக்க முடியாது. எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது.

அந்த ஆறில் இருந்த இரண்டு பெயர்களைப் பாருங்கள். ‘அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட்’, ‘லோ டியூரேஷன் ஃபண்ட்’. குறுகிய காலம் என்றால் பாதுகாப்பு என்று நம்பி, எஃப்.டி-க்குப் பதிலாகப் போட்டவர்கள் நிறையப் பேர்.

எங்கே தவறியது? ஃபண்டின் பெயரில் காலம் இருந்தது; கடன் வாங்கியவர்களின் தரம் இல்லை. கூடுதல் வருமானத்துக்காக அந்த ஃபண்டுகள் தரம் சற்றுக் குறைந்த நிறுவனங்களின் பத்திரங்களை அதிகம் வைத்திருந்தன. நல்ல நேரத்தில் அது மற்ற ஃபண்டுகளைவிட ஒரு படி அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. கொரோனாவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டபோது, அந்தப் பத்திரங்களை வாங்க சந்தையில் ஆள் இல்லை.

சென்னையைச் சேர்ந்த முதலீட்டாளர் அமைப்பு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பல ஊர்களில் இருந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. முதலீட்டாளர்களின் ஒப்புதல் இல்லாமல் மூட முடியாது என்று அந்த நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, முதல் தவணையாக 9,122 கோடி ரூபாய் 2021 பிப்ரவரியில்தான் பட்டுவாடா ஆனது. அதன்பிறகு பல தவணைகள். மொத்தமாகப் பார்த்தால், மூடிய நாளில் இருந்த மதிப்பைத் தாண்டியே பணம் திரும்பி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால், 2020 மே மாதம் வேலை போனவருக்கு, 2021 பிப்ரவரியில் வரும் பணம் எதற்கு உதவும்? கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களுக்கு இது வெறும் பழைய செய்தி இல்லை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாத மாதம்தான் சேமிப்பை எடுக்க வேண்டிய மாதம். அன்றைக்குக் கைக்கு வராத பணம், கணக்கில் எவ்வளவு இருந்தும் சோறு போடாது.

‘டிரிபிள் ஏ’ தரம் என்றால் போதுமா? 2018 ஆகஸ்ட் வரை ஐ.எல்&எஃப்.எஸ் நிறுவனத்துக்கு அந்த உச்ச தரம் இருந்தது. செப்டம்பரில் அது கடனைக் கட்டத் தவறியது. தரம் கடைசிப் படிக்கு, ‘டி’-க்கு இறங்கியது. அதனால் ஒரே நிறுவனத்தில் ஃபண்டின் பெரும் பங்கு இருக்கக் கூடாது என்பதும் முக்கியம்.

முதல் கேள்வி: பணம் எப்போ வேணும்?

ஃபண்டைத் தேடுவதற்கு முன்னால் தேதியைத் தேடுங்கள். போனஸும் சீட்டுப் பணமும் சேர்த்து உங்கள் கையில் 60,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம்: மருத்துவச் செலவு, வேலை இல்லாத மாதத்தின் ரூம் வாடகை போன்றவை. ஒரு பகுதி வங்கிச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். மீதிக்கு ஓவர்நைட் அல்லது லிக்விட் ஃபண்ட். லிக்விட் ஃபண்ட் 91 நாள்களுக்குள் முடியும் பத்திரங்களை மட்டுமே வாங்கலாம். முதல் ஏழு நாள்களுக்குள் எடுத்தால் சிறிய கட்டணம் உண்டு. பிற்பகல் 3 மணிக்குள் கேட்டால் பொதுவாக அடுத்த வேலை நாளில் பணம் வந்துவிடும். உடனடியாக எடுக்கும் வசதி தரும் ஃபண்டுகளில், ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது உங்கள் இருப்பில் 90%, இதில் எது குறைவோ அதுவரை எடுக்கலாம்.

மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள்: தங்கச்சி கல்யாணம், பைக் முன்பணம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு அடுத்த கோர்ஸ் ஃபீஸ். இதற்கு மணி மார்க்கெட், அல்ட்ரா ஷார்ட் டியூரேஷன், லோ டியூரேஷன் ஃபண்டுகள். மணி மார்க்கெட் ஃபண்டில் எல்லாமே ஓராண்டுக்குள் முடியும் பத்திரங்கள்.

ஒன்று முதல் மூன்று வருடம்: ஷார்ட் டியூரேஷன், கார்ப்பரேட் பாண்ட், பேங்கிங் அண்ட் பி.எஸ்.யூ ஃபண்டுகள். கார்ப்பரேட் பாண்ட் ஃபண்ட் குறைந்தது 80% பணத்தை ‘ஏஏ பிளஸ்’ அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் வைக்க வேண்டும் என்பது செபி விதி. ஆனால், இந்த வகைக்கும் பேங்கிங் அண்ட் பி.எஸ்.யூ வகைக்கும் காலவரம்பு கிடையாது. டியூரேஷனை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு மேல், தேதி உறுதியாகத் தெரியும்: டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டுகளைப் பார்க்கலாம். 2019 டிசம்பரில் வந்த பாரத் பாண்ட் இ.டி.எஃப் இந்த வகை. பொதுத்துறை நிறுவனங்களின் உயர்தரப் பத்திரங்களை வாங்கி, குறிப்பிட்ட ஆண்டில் முடித்துக் கணக்கைத் தீர்த்துவிடும். நடுவில் விலை ஆடினாலும், முடிவுவரை வைத்திருப்பவருக்கு அந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கில்ட் ஃபண்ட், லாங் டியூரேஷன் ஃபண்ட் ஆகியவை எங்கே? அரசுப் பத்திரம் என்பதால் பணம் திரும்பாது என்ற பயம் இல்லை. ஆனால், விலை ஆடும். டியூரேஷன் 7 ஆண்டுகள் உள்ள ஃபண்டில் 60,000 ரூபாய் போட்டு, சந்தை வட்டி அரை சதவிகிதம் ஏறினால் சுமார் 2,100 ரூபாய் இறங்கும். டியூரேஷன் அரை வருடம் உள்ள மணி மார்க்கெட் ஃபண்டில் அதே நாள் 150 ரூபாய்தான் இறங்கும். ஒன்றிரண்டு வாரத்து வட்டியிலேயே அது சரியாகிவிடும். ஆறு மாதத்தில் தேவைப்படும் பணத்துக்கு கில்ட் ஃபண்ட் ‘ரிஸ்க் கம்மி’ இல்லை.

ஆப்பில் எதையெல்லாம் பார்க்கணும்?

ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் மாதா மாதம் வரும் ஃபேக்ட்ஷீட்டில் இவை எல்லாம் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

1. பி.ஆர்.சி கட்டம்: 2021 டிசம்பர் முதல் ஒவ்வொரு கடன் ஃபண்டும் தான் அதிகபட்சம் எவ்வளவு ரிஸ்க் எடுக்கும் என்பதை ஒன்பது கட்டங்களில் ஒன்றில் குறித்துக் காட்ட வேண்டும். ஏ, பி, சி என்பது கடன் தரம்; ‘ஏ’தான் பாதுகாப்பானது. 1, 2, 3 என்பது வட்டி ஏற்ற இறக்க ரிஸ்க், ஒன்றுதான் குறைவு. ‘ஏ-1’ என்றால் இரண்டு ரிஸ்க்கும் குறைவு. ‘பி-1’ என்றால் காலம் குறைவு, தரத்தில் கொஞ்சம் இறங்கலாம். ரிஸ்க்கோமீட்டர் இன்றைய நிலையைச் சொல்லும்; பி.ஆர்.சி நாளைக்கு எதுவரை போகலாம் என்பதைச் சொல்லும். இரண்டையும் பாருங்கள்.

2. மாடிஃபைடு டியூரேஷன்: இந்த எண்ணை வட்டி மாற்றத்தால் பெருக்கினால், விலை எவ்வளவு அசையும் என்பது தோராயமாகத் தெரியும். 3 என்று இருந்தால், வட்டி 1% ஏறும்போது சுமார் 3% இறங்கும்.

3. தரப் பட்டியல்: அரசுப் பத்திரம், டிரிபிள் ஏ, குறுகிய காலத்துக்கான ‘ஏ1 பிளஸ்’ ஆகியவை எத்தனை சதவிகிதம்? ‘டபுள் ஏ’யும் அதற்குக் கீழும் எவ்வளவு? ஒரே நிறுவனம் பட்டியலில் பெரிதாக உட்கார்ந்திருக்கிறதா?

4. ஒய்.டி.எம்: இப்போது கையில் இருக்கும் பத்திரங்களை முடிவுவரை வைத்திருந்தால் கிடைக்கக்கூடிய ஆண்டு வருமானம். இதிலிருந்து செலவு விகிதத்தைக் கழித்தால், நாம் எதிர்பார்க்கக்கூடியது ஏறக்குறைய தெரிந்துவிடும். ஒரே வகை ஃபண்டுகளில் ஒன்று மட்டும் 1% அதிகம் காட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன் மூன்றாவது விஷயத்துக்குத் திரும்பிப் போங்கள்.

5. செலவு விகிதம்: 6% சம்பாதிக்கும் இடத்தில் 1% செலவு என்பது வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. நீங்களே ஃபண்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் டைரக்ட் பிளான் போதும்.

வரியும், எஃப்.டி-யும்

2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுகளுக்கு நீண்டகால வரிச் சலுகை கிடையாது. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி வரம்புப்படிதான் வரி. ஆனால், விற்கும் ஆண்டில்தான் கணக்கு. எஃப்.டி-க்கு வட்டி சேரச் சேர ஆண்டுதோறும் கணக்கில் காட்ட வேண்டும். புதிய வரி முறையில் வரியே வராத சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை.

அப்படியென்றால் எஃப்.டி-யே போடலாமா? தாராளமாக! வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. எந்த பாண்ட் ஃபண்டுக்கும் அது கிடையாது. தேதியும் தொகையும் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் எஃப்.டி நல்லது. வட்டி இன்னும் இறங்கினாலும், போட்ட அன்றைய வட்டி கடைசிவரை கிடைக்கும். நினைத்தபோது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கணும், போடணும் என்றால் லிக்விட், மணி மார்க்கெட் ஃபண்டுகள் வசதி. ஆனால், ரெப்போ குறையும்போது இவற்றின் வருமானமும் சில மாதங்களில் பின்னாலேயே குறையும் என்பதை எதிர்பார்த்தே போடுங்கள்.

600 ரூபாய் கணக்கு

வட்டி இறங்கும் காலத்தில் மனசு அலைபாயும். ‘இன்னும் 1% கிடைக்கிற இடம் இருக்குப்பா’ என்று யாராவது சொல்வார்கள். 60,000 ரூபாய்க்கு 1% என்றால் வருடத்துக்கு 600 ரூபாய். மாதம் 50 ரூபாய். ரெண்டு பேர் டீ, வடை சாப்பிடுகிற காசு. அதற்காக, எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும் ஃபண்டில் மொத்தப் பணத்தையும் வைக்கலாமா?

இன்னும் சிலர் ஃபண்ட், வங்கி எல்லாவற்றையும் தாண்டி, ‘மாசம் இவ்வளவு வட்டி’ என்று கம்பெனி வாசல்வரை வருவார்கள். மாதம் 25 முதல் 30% வட்டி என்று ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மீது தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் வழக்குப் பதிவு செய்தது 2022-ல்தான். ரெப்போ வருடத்துக்கு 5.25% இருக்கும் நாட்டில், மாதத்துக்கு 5% தருகிறேன் என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை. விலகி நடந்துவிட வேண்டியதுதான்.

இந்த வார லீவில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சேமிப்பை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அது தேவைப்படும் மாதத்தைக் குறியுங்கள். ஏற்கெனவே பாண்ட் ஃபண்ட் வைத்திருப்பவர்கள் அதன் பி.ஆர்.சி கட்டத்தையும் டியூரேஷனையும் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். ஆறு மாதத்தில் வேண்டிய பணத்துக்கு எதிரே ‘டியூரேஷன் 7’ என்றோ, ஆபத்துக்கு வைத்த பணத்துக்கு எதிரே ‘சி’ என்றோ வந்தால், அதை மாற்றுவதுதான் முதல் வேலை. ரிசர்வ் வங்கி அடுத்த கூட்டத்தில் என்ன செய்யும் என்பது நம் கையில் இல்லை. நம் பணம் எந்தத் தேதியில் நம் கைக்கு வர வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதற்கு ஒத்துப்போகிற ஃபண்ட்தான் ரிஸ்க் குறைந்த ஃபண்ட்.